அஷ்டமிக் கூட்டம்

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கிற பெண் ஏட்டு. "ஐயா, அஷ்டமிக்கு அஷ்டமி கல்யாண மண்டபத்துல ஒரு கூட்டம் நடக்குதே, அதுக்கு நானும் போவணுமா? நீங்க மாசாமாசம் போய்க்கினு இருந்தீங்கன்னு சொல்றாங்க. பேனர் இல்ல, மைக் இல்ல. அங்க இன்னாதான் பண்றாங்க? எனக்கு சந்தேகமா இருக்குதுங்க ஐயா" என்றார்.

சந்தேகம் வந்துவிட்டதா, அப்படியென்றால் தேறிவிடுவார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் போலீசில் சேர்ந்தது, பயிற்சிப் பள்ளியில் வெயிலில் நின்றது எல்லாம் எல்லார் கதையும் போலத்தான், அதை விட்டுவிடலாம். வடக்கனந்தல் பக்கம் மலையடிவாரத்து ஸ்டேஷன் ஒன்றில் தனிப்பிரிவு ஏட்டாக உட்கார்ந்த பிறகுதான் எனக்கு என் வேலை பிடிபட்டது. தனிப்பிரிவு என்றால் மப்டியில் திரிகிற போலீஸ். எங்கே நாலு பேர் கூடுகிறார்களோ அங்கே ஐந்தாவது ஆளாகப் போய் நிற்க வேண்டும். கட்சிக் கூட்டம், சங்கக் கூட்டம், திருவிழாவுக்கு ஊர் கூடுவது, சாவு ஊர்வலம், எதையும் விடக் கூடாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பார்த்து, சாயங்காலத்துக்குள் எஸ்.பி. ஆபீசுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

ஆக, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். வீட்டில் காபி கெட்டியாக இருந்தால்கூட, பால்காரர் இன்றைக்கு ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்றுதான் எனக்கு யோசனை போகும். என் மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கூட்டம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே போகும்போதே வாசலில் செருப்பைப் பார்க்க வேண்டும். ஆபீஸ் செருப்பு எது, சேறு ஒட்டிய செருப்பு எது, மலையிலிருந்து இறங்கி வந்த டயர் செருப்பு எது என்று பார்த்தாலே வந்திருப்பவர்கள் யார் என்று பாதி தெரிந்துவிடும். கடைசி வரிசையில் உட்கார வேண்டும், ஆனால் கதவை ஒட்டி உட்காரக் கூடாது. பேனாவைத் தொடவே கூடாது. பேசுகிறவனைப் பார்க்கக் கூடாது, கேட்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பேனர் வைத்த கூட்டம் என்றால் பயமே இல்லை. தன் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டுக்கொள்கிறவனுக்கு எதையும் ஒளிக்க நேரம் இருக்காது. பேனர் இல்லாத கூட்டத்தைத்தான் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

அப்போது எங்களுக்கு இருந்த இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாம் தகவல் சொல்லும்போது வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே, "அப்புறம்?" என்பார். சொல்வோம். "அப்புறம்?" என்பார். சொல்லி முடித்த பிறகும் "அப்புறம்?" என்பார். அந்த மூன்றாவது 'அப்புறம்' இருக்கிறதே, அதற்குத் தப்பியவர்கள் கிடையாது. சொல்ல வேண்டாமென்று நினைத்து வந்ததெல்லாம் தானாகக் கொட்டிவிடும். திருடர்களுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

அவர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு அந்த மண்டபத்துல கூட்டம் கூடுதாமே. கல்யாணம் வெக்காத நாளாப் பாத்துக் கூடறாங்க. மண்டபத்துக்காரன் வாடகையே வாங்கறதில்லியாம். இன்னா, பைரவர் பூஜையா? மந்திரவாதமா? சீட்டுக் கம்பெனியா? போய்ப் பாரு."

முதல் அஷ்டமிக்கு நான் உள்ளே போகவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். களையெடுப்பு முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரம். ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் யாரையும் "வாங்க" என்று கூப்பிடவில்லை. தலையைக்கூட ஆட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பொழுது சாயும்போது ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அப்போதும் யாரும் யாரிடமும் "போய்ட்டு வரேன்" என்று சொல்லவில்லை. தெருவுக்கு வந்ததும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு திசையில் போனார்கள். திருட்டு மணல் ஓட்டுகிறவர்கள்கூட இதைவிட நட்பாக இருப்பார்கள். இது சாதாரண கூட்டமில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்த அஷ்டமிக்கு நேராக உள்ளே நுழைந்தேன். வாசலில் நின்றிருந்த பெண்ணைப் பார்த்ததும் என் மப்டி வேஷம் போய்விட்டது. மல்லிகா, ஜாக்கெட் தைக்கிறவர். அவருடைய கணவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது விசாரணைக்கு அவர் வீட்டுக்குப் போன போலீஸ்காரர்களில் நானும் ஒருவன். என்னை அவர் மறந்திருக்கவில்லை.

"ஏட்டையா, எழுதிக்கினு போவ வந்தீங்களா, உக்கார வந்தீங்களா?"

"ரெண்டுந்தாம்மா."

"சரி, உக்காருங்க. ஆனா உள்ள ரெண்டு கேள்வி மட்டும் கேக்கக் கூடாது. எப்படின்னு கேக்கக் கூடாது. ஏன்னு கேக்கக் கூடாது."

என் தொழிலிலிருந்து அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தொப்பி மட்டும்தான். ஆனாலும் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

பந்தி போடுகிற கூடம் அது. மேஜைகளை ஓரங்கட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மல்லிகா முதலில் சொன்னார்: "எம் வூட்டுக்காரரு சேகர்." அடுத்தவர் சொன்னார்: "எம் பையன் அருளு." அடுத்தவர் ஒரு தங்கையின் பேரைச் சொன்னார். அவர்தான் மண்டபத்து முதலாளி. வாடகை வாங்காததன் காரணம் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இப்படியே வட்டம் சுற்றி வந்தது. எல்லாரும் தற்கொலையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் சொன்ன பேர்களில் பாதிப் பேரை நான் பார்த்திருக்கிறேன், உயிரோடு அல்ல. அந்தப் பேர்களை ஸ்டேஷனில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டபோது அது வேறு பேர் மாதிரி இருந்தது.

என் முறை வந்தது. எனக்குச் சொல்லப் பேர் இல்லை. "அவரு பேர் இல்லாம உக்காரட்டும்" என்று மல்லிகா சொல்லிவிட்டார்.

பிறகு பேசினார்கள். பெரிய பேச்சு எதுவுமில்லை. "பத்திரிக வெக்க வந்தவங்க எங்க வூட்டை மட்டும் தாண்டிக்கினு போறாங்க" என்றார் ஒருவர். "வயித்து வலின்னு ஊருக்கு சொல்லி வச்சிருக்கேன். இப்ப மருமவ வயித்த வலிக்குதுன்னாக்கூட ஊரே எம் மூஞ்சப் பாக்குது" என்றார் ஒரு வயதான அம்மா. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மா களையெடுக்கப் போகிற கொல்லைக்குச் சொந்தக்காரர். கொல்லையில் அவர் வந்தால் இந்த அம்மா எழுந்து நிற்பார். இங்கே அவர், "எங்க வூட்லயும் அதே வயித்து வலிதாம்மா சொல்லி வச்சிருக்கோம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்களை இப்படிச் சேர்த்து உட்கார வைத்ததில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஒரு டீ. பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டில் நாம் வாங்க என்று கூப்பிடுவதில்லை, போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. அவர்களுக்கு அந்தக் கூடம் இன்னமும் சாவு வீடாகவே இருந்தது. டீக்கடையிலிருந்து பார்த்த எனக்கு அது சதியாகத் தெரிந்தது.

ஆனால் ஒரே ஒரு சந்தேகம் எனக்குத் தீரவே இல்லை. சடையன்.

சடையன் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர்க்காரர். மலை ஆட்கள் இடுப்பில் கொடுவாள் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்கள். மண்டபத்து வாட்ச்மேனிடம் அதைக் கொடுத்துவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். "எம் பொண்ணு தீபா" என்பார். அதோடு வாயை மூடிக்கொள்வார். கிளம்புகிற நேரம் நெருங்கும்போது மட்டும் யாரிடமாவது, "மலைக்குக் கடைசி பஸ்ஸு எப்பங்க?" என்று கேட்பார். ஒவ்வொரு அஷ்டமிக்கும் அதே கேள்வி. ஆறரை மணி என்று ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்வார்கள். பிறந்ததிலிருந்து அந்த பஸ்ஸில் போய்வருகிற மனுஷனுக்கு நேரம் தெரியாதா என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

மகளை எலவனாசூர்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். சாவு நடந்தது அங்கே, விசாரணை வேறு ஸ்டேஷன். அதனால் எனக்கு எதுவும் தெரியாது, கேட்கவும் கூடாது. ஆனால் வாய் திறக்காத அப்பா, இடுப்பில் கொடுவாள், கீழ்நாட்டில் சம்பந்தி வீடு. எனக்குக் கணக்கு சுலபமாகப் போட வந்தது. இவர் யாரையோ வெட்டப் போகிறார்.

இன்ஸ்பெக்டரின் மூன்றாவது 'அப்புறம்?'க்கு இதையும் சொல்லிவிட்டேன். அவர் கடலை உரிப்பதை நிறுத்தினார். "அதான பாத்தேன். உக்கார வெச்சுப் பேசிப் பேசி ஏத்தி விடறாங்க. நாளைக்கு ஒரு வெட்டுக்குத்து ஆனா எவன் பதில் சொல்றது? நீ ஒரு சந்தேகம் உறுதியாச் சொல்லு, போதும். மண்டபத்துக்காரனக் கூப்ட்டு கூட்டத்தையே நிறுத்திடறேன்."

ஆக, என் வாயில் இருந்தது அந்தக் கூட்டம். மழைக்காலம் முடிகிற சமயத்து அஷ்டமிக்கு இந்த நினைப்போடுதான் போனேன்.

அன்றைக்கு வாசலில் டயர் செருப்பு இருந்தது. வாட்ச்மேன் பக்கத்தில் கொடுவாள் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீ கொடுக்கும்போது சடையன் பக்கத்தில் போய் நின்று, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இன்னாங்க, இன்னிக்குக் கொடுவாளக் காணோம்?"

"தம்பிக்குக் குடுத்துட்டேங்க."

"ஏன்?"

"அவனுக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த வேலையை முடித்துவிட்டவர் மாதிரி இருந்தார். அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயுதத்தை எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார், இன்றைக்குத்தான் நாள் குறித்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எலவனாசூர்கோட்டைப் பக்கத்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல மண்டபத்துக்குப் பின்பக்கம் போனேன். போன் பேசிவிட்டு வந்து பார்த்தால் அவர் நாற்காலி காலி. வாசலில் டயர் செருப்பும் இல்லை. யாரும் அவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் அங்கே வழக்கமாயிற்றே.

மல்லிகாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "அம்மா, உங்க கூட்டத்து ஆளு இன்னிக்கு யாரையோ வெட்டப் போறாரு. கொடுவாள தம்பிக்குக் குடுத்துட்டேன்னு பொய் சொல்றாரு."

"குடுத்துட்டேன்னா சொன்னாரு?"

"ஆமா."

"ஏட்டையா, வெட்டப் போறவன் கொடுவாள எடுத்துக்கினு போவான். குடுத்துட்டு ஏன் போறான்?" அவர் முகம் மாறிவிட்டது. "பஸ்ஸு கேட்டாரா?"

"இன்னா பஸ்ஸு?"

"கடைசி பஸ்ஸு. யாரயாச்சும் கேட்டாரா?"

என்னிடம் கேட்கவில்லை. வட்டத்தில் இருந்த எல்லாரையும் கேட்டுப் பார்த்தோம். அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வரவில்லை. மல்லிகாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். மண்டபத்து முதலாளி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். கொல்லைக்காரரும் அந்த வயதான அம்மாவும் ஒரே டூவீலரில் வேறொரு பக்கம் போனார்கள். மலைக்குப் போகிற ரோட்டில் சடையன் இல்லை. எதிர்ப்பக்கத்து மண்பாதையில், கரும்புக் கொல்லை ஓரமாக, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன். எத்தனையோ பேரைத் துரத்திப் பிடித்திருக்கிறேன், ஒருவரைப் பிடித்துவிட வேண்டுமே என்று அவ்வளவு பயந்ததில்லை.

நான் சுற்றி வளைத்து ஏதாவது பேச்சுக் கொடுக்கலாமென்று நினைத்தேன். மல்லிகா வளைக்கவில்லை. கிட்டப் போய், "அண்ணே, செத்துப் போயிடலாம்னு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நான் பதறிப்போனேன். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடுமே என்று அவர் கையைப் பிடித்து இழுக்காத குறை. சடையன் கரும்பைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். என் சர்வீஸில் முதல் கேள்விக்கே உண்மை சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

சடையன் அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். மல்லிகாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தி சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. "எனக்கும் அந்த நெனப்பு வந்துச்சுண்ணே. ஒரு வருசம் வந்துச்சு. இப்ப கம்மி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு எங்க வூட்ல படுங்க. தம்பிய வரச் சொல்லலாம். காலைல பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட வரேன். இதுக்குன்னே டாக்டர் இருக்காரு, நானும் அவராண்டதான் போனேன்" என்றார்.

"நான் போய் தம்பிகிட்ட இன்னான்னு சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேணாம். ஏட்டையா சொல்லுவாரு."

நான்தான் சொன்னேன். போனில் அந்தத் தம்பி அழுததைக் கேட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். அவருக்கும் அந்தக் கொடுவாள் கைக்கு வந்ததிலிருந்து மனசே சரியில்லையாம், ஆனால் அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையாம். விடியும் முன்பே கிளம்பி, முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். கூட்டத்தில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றேன். மூன்றாவது 'அப்புறம்?' வந்தது.

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஆளு உசுரோட இருக்காரு."

அவர் ஒரு கடலையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு இன்னும் சந்தேகம் தீரல. மாசாமாசம் போய்ப் பாத்துக்கினே இரு" என்றார். அவர் மாற்றலாகிப் போன பிறகும் அந்த உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. ஓய்வு பெறும் வரை போனேன்.

அடுத்த அஷ்டமிக்கு மல்லிகா எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று பேசினார். "இனிமே யாரும் சொல்லாம எழுந்து போவக் கூடாது. இது சாவு வூடு இல்ல. வரும்போது வாங்கன்னு கூப்புடணும். போவும்போது போய்ட்டு வரேன்னு சொல்லணும்." அந்த வயதான அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கே மனசு ஒப்பவில்லை. ஆனால் அன்றைக்கு ஒவ்வொருவராக, கூச்சத்தோடு, கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். சடையன் நாற்காலி அன்று காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார், தம்பி கூடவே இருக்கிறார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த அஷ்டமிக்கும் வரவில்லை.

பொங்கல் முடிந்து வந்த அஷ்டமியில், வாசலில் நின்றிருந்தேன். தம்பியோடு சடையன் வந்தார். மெலிந்திருந்தார். இடுப்பிலிருந்து கொடுவாளை உருவி வாட்ச்மேனிடம் கொடுத்தார். ஒரு ஆள் ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வருவதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது அன்றைக்குத்தான். "வாங்க வாங்க" என்றேன். என் குரல் எனக்கே ஜாஸ்தியாகக் கேட்டது.

உள்ளே அவர் வழக்கம்போல, "எம் பொண்ணு தீபா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லா பாடுவா" என்று சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான் பேசினார்.

முடிந்ததும் மற்றவர்கள் போய்ட்டு வரேன் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். சடையன் கதவு வரை வந்தார், நின்றார். அவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை. மல்லிகா அவசரப்படுத்தவில்லை. முதலாளி, கொல்லைக்காரர், அந்த அம்மா, நான், யாரும் அசையவில்லை. அவர் வாட்ச்மேனிடமிருந்து கொடுவாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டையா, மலைக்குக் கடைசி பஸ்ஸு எப்பங்க?"

நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.